முன்னூற்றுப் பதினேழு பச்சை

முன்னூற்றுப் பதினேழு பேரில் ஒருத்தியின் விரல்கூடவா தயங்கவில்லை?

கொம்பையா திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான். மடிக்கணினியை மூடித் திறந்தான். கணக்கு மாறவில்லை. வடக்குச்செவல் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனசுக் கண்ணாடி வைத்து ஆறு வருடம் ஆகிறது. இந்த ஆறு வருடத்தில் விடுதலைப் பத்திரத்துக்கு, அதாவது பிறந்த வீட்டுச் சொத்தில் என் பங்கு வேண்டாம் என்று அண்ணன் தம்பிக்கு எழுதிக் கொடுக்கிற பத்திரத்துக்கு, விரல் வைத்த பெண்கள் ஆயிரத்துச் சொச்சம் பேர். அவர்களில் ஐந்தில் ஒருத்திக்குக் கண்ணாடி சிவப்புக் காட்டியிருந்தது. டீச்சர், நர்ஸ், ஜவுளிக்கடையில் நிற்கிறவள், வீட்டோடு இருக்கிறவள் என்று எல்லார் வரிசையிலும் பச்சையும் சிவப்பும் கலந்துதான் கிடந்தன. தொழில் என்ற இடத்தில் 'பீடி சுற்றுதல்' என்று போட்டிருந்த முன்னூற்றுப் பதினேழு பேருக்கு மட்டும் ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை.

கண்ணாடியைப் பார்த்துக்கொள்ள அவனை இங்கே வைத்திருக்கிற கம்பெனி ஓர் அறிக்கை கேட்டிருந்தது. தொழில்வாரியாக யாரும் பிரிக்கச் சொல்லவில்லை. இவனுக்குத்தான் கை சும்மா இருக்காது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. பிரித்த நிமிடத்திலிருந்து உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. கண்ணாடியைத் துடைத்தான். துடைத்ததையே திரும்பவும் துடைத்தான்.

ஒன்பதரைக்குச் சார்பதிவாளர் அமலோற்பவம் வந்தார். ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கிற, எதற்கும் பதறாத பெண்மணி. கைப்பையை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டு, "என்ன கொம்பையா, கண்ணாடி தேஞ்சிறப் போவுது" என்றார்.

"மேடம், இந்தக் கண்ணாடி என்ன பாக்குதுன்னு சொல்லுங்க பாப்போம்."

"எனக்கே பரீட்சையா? உங்க கம்பெனிக்காரன் வந்து ஒரு நாள் பூரா வகுப்பெடுத்தானே. கண்ணாடிக்குள்ள அகச்சிவப்பு ஒளி ஓடிக்கிட்டே இருக்கும். விரல் தொட்ட எடத்துல அந்த ஒளி சிந்தும். அடியில இருக்க கேமரா அதப் புடிச்சு, இன்ன எடத்துல தொட்டான்னு சொல்லும். அது ஊர்ல இருக்கிற சாதா திரை. நம்மளுது, தொடுறதுக்கு முன்னாடியே, நாலு விரற்கடை மேல வரும்போதே விரலப் பாத்துரும். நேரா வருதா, நடுவுல நிக்கா, பின்னால போகுதா, நுனியில ரத்தம் சுண்டுதா, எல்லாம் பாக்கும். வாய் பொய் சொல்லும், மனசுக்குப் புடிக்காத காரியத்துக்கு விரல் நேரா வராது. சரியா?"

"சரிதான் மேடம். அப்ப நேரா வந்த விரலுக்கெல்லாம் மனசுல சம்மதம்னு ஆகுமா?"

அமலோற்பவம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தார். "ஆகும்னுதானேய்யா சட்டமே போட்டிருக்கு. ஏன் கேக்கீங்க?"

சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் அவரே, "ஆமா, வெள்ளிக்கிழமை உங்க பத்திரம் இருக்குல்லா? உங்க அக்கா எழுதித் தாராங்கல்லா?" என்று கேட்டுவிட்டார். "ஆமா மேடம்" என்றான். அத்தோடு வாய் மூடிக்கொண்டது.

அவன் அக்கா பேராச்சி பீடி சுற்றுகிறவள்.

பத்திரம் எழுதப் போகிற வீடு அப்பா கட்டியது. முன்பக்கம் இரண்டு அறை, பின்கட்டில் ஒரு அறை. அம்மாவும் போன பிறகு அக்காவுக்குப் பாதி, தம்பிக்குப் பாதி. கொம்பையா பாளையங்கோட்டையில் வாடகை வீட்டில் இருக்கிறான். வீட்டுக்காரர் மகன் கல்யாணத்துக்கு முன் காலி செய்யச் சொல்லிவிட்டார். அப்பா வீட்டை இடித்துக் கட்டலாம் என்றால், முழு வீடும் ஒரே பெயரில் இருந்தால்தான் பேங்கில் பேசவே செய்வார்கள். அக்காவிடம் அவன் இதைச் சொன்னபோது, அவள் இலையை வெட்டிக்கொண்டே, "எழுதிக்கோ தம்பி, எனக்கு எதுக்கு" என்றாள். சொல்லி முடித்து ஒரு நிமிடம் கழித்து, யாரிடமோ சொல்வதுபோல, "பின்கட்டுல சன்னலோரமா ஒரு கட்டில் போட்டா நல்லாக் காத்து வரும்" என்றாள்.

அதை அவன் கேட்டான். கேட்காததுபோல இருந்துவிட்டான். புருஷனை இழந்தவள், மகனும் திருப்பூரோடு போய்விட்டான், மாமியார் வீட்டில் ஓர் ஓரத்தில் இருக்கிறாள் என்பதெல்லாம் தெரிந்துதான் இருந்துவிட்டான். அவனுக்கு ஒரு சமாதானம் இருந்தது. "கண்ணாடி இருக்குல்லாக்கா, உனக்கு இஷ்டமில்லன்னா அதுவே நிறுத்திரும்" என்று அவளிடம் சொல்லியும் இருந்தான். பாவத்தை மெஷின் தலையில் இறக்கி வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினான். திங்கட்கிழமை அந்த முன்னூற்றுப் பதினேழைப் பார்க்கிற வரைக்கும்.

கண்ணாடி நிறுத்தினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிவப்பு விழுந்தால் பத்திரம் செல்லாது. அதோடு போகாது. சொத்து யாருக்குப் போக இருந்ததோ அவர்மேல் விசாரணை, காவல் நிலையம், மூன்று வருடத்துக்கு எந்தப் பத்திரமும் போட முடியாது. கட்டாயப்படுத்தி வாங்குகிறவனுக்குப் பயம் வேண்டும் என்று போட்ட விதி. பயம் வந்ததோ இல்லையோ, திருநெல்வேலியில் ஒருவன் விரல் பழக்குவதற்கு வகுப்பு வைத்தான். பத்து நாள் பயிற்சி, உறுதியான பச்சை என்று பஸ்ஸிலெல்லாம் ஒட்டியிருந்தான். அவனைப் பிடித்து உள்ளே போட்டார்கள். பீடி சுற்றும் பெண்கள் யாரும் அந்த வகுப்புக்குப் போனதாகத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சோதனைப் பலகையைப் பையில் போட்டுக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனான். அது பெரிய கண்ணாடியின் குட்டி. வெளியூரில் பழுது பார்க்க எடுத்துப் போவது. பேராச்சி வாசலில் மடியில் சுளகோடு உட்கார்ந்திருந்தாள். எதிரே பக்கத்து வீட்டு கதீஜா, அவள் மடியிலும் சுளகு. இரண்டு பேரும் ஏதோ கல்யாண வீட்டுச் சாப்பாட்டைக் கிழித்துக்கொண்டிருந்தார்கள். நான்கு கைகளும் தங்கள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. இலையை எடுப்பது, தூளை வைப்பது, சுருட்டுவது, தலையை மடக்குவது, நூலைக் கட்டுவது. கதீஜா சிரித்தபோதும் கை நிற்கவில்லை.

"என்ன தம்பி, திடுதிப்புன்னு?"

"இந்தப் பக்கம் ஒரு வேலைக்கா. ஒரு சின்னச் சோதனை பண்ணணும். ஒரு விரல் குடு."

"விரல் என்ன மரத்துலயா காய்க்கி? இந்தக் கட்ட முடிச்சிட்டுத் தாரேன்."

முடித்தாள். அவன் பலகையைத் தரையில் வைத்தான். புதுக் கண்ணாடி ஒவ்வொன்றுக்கும் செய்கிற சோதனை அது. திரையில் ஒரு மஞ்சள் வட்டம் வரும். தொட்டால் ஷாக் அடிக்கும் என்று ஆளிடம் சொல்ல வேண்டும். உண்மையில் ஒன்றும் அடிக்காது. ஆனாலும் விரல் நடுவழியில் நிற்கும், நின்றுதான் தீரும். கண்ணாடியைச் சென்னையில் பழக்கியபோது இருநூறு கல்லூரிப் பிள்ளைகளைத் தொடச் சொன்னார்களாம். இருநூறு விரலும் நின்றது. அடிக்காது என்று தெரிந்த கொம்பையாவுக்கே ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நிற்கும்.

"யக்கா, இதத் தொட்டா லேசா ஷாக் அடிக்கும். ஒண்ணும் ஆயிறாது. வலது ஆள்காட்டி விரலால தொடு."

பேராச்சி விரலைச் சேலையில் துடைத்தாள். தொட்டாள். நேராகப் போய் வட்டத்தின் நடுவில் இறங்கியது விரல். பலகை பச்சை காட்டியது.

"அடிக்கலியே?"

"அடிக்காதுக்கா. சும்மா சொன்னேன். உனக்குப் பயமா இல்லியா?"

"இல்லாம? ஆனா நீ தொடுன்ன, கை போயிட்டு."

கதீஜா தலையை நிமிர்த்தாமலே, "எங்க கை அப்பிடித்தான் தம்பி. சொன்ன வேலயச் செய்யும். எங்களக் கேக்காது" என்றாள்.

பேராச்சி அடுத்த இலையை எடுத்திருந்தாள். "உங்க மச்சான் லாரியில அடிபட்டுக் கெடக்காகன்னு சேதி வந்துச்சுல்லா, அன்னைக்குக் கையில பாதி சுருட்டுன பீடி. அத முழுசாச் சுருட்டி, தலைய மடக்கி, நூலக் கட்டித் தட்டுல வெச்சிட்டுத்தான் எந்திரிச்சேன். எங்க மாமியா இன்னைக்கு வரைக்கும் அதச் சொல்லிக் காட்டுதா. கல்நெஞ்சுக்காரியாம் நான். வேணும்னா செஞ்சேன்? நான் சேதி கேட்டதுமே ஓடிட்டேன் தம்பி. கைதான் முடிச்சிட்டுப் பொறவு வந்துச்சு."

அவன் டிப்ளமோ படித்த மூன்று வருடமும் சோறு போட்ட கை அது. அந்தக் கையைப் பற்றி இதுவரை ஒன்றுமே தெரிந்துகொள்ளாமல் இருந்திருக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. ஆறு வருடமாக முன்னூற்றுப் பதினேழு பேர் எங்கேயோ ஓடிப்போயிருக்க, அவர்களுடைய கைகள் மட்டும் வந்து கண்ணாடியில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கின்றன. கண்ணாடி அத்தனை பேருக்கும் 'முழு விருப்பம்' என்று சீட்டு அடித்துக் கொடுத்திருக்கிறது.

அத்தோடு எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. பீடிக்கு உதவாத விரல் எது என்று யோசித்தான். இடது கைச் சுண்டுவிரல். இலையையும் பிடிக்காது, நூலையும் பிடிக்காது, ஓரமாக நீட்டிக்கொண்டு நிற்கும். பலகையில் மாதிரிப் பத்திரம் ஒன்றை வரவழைத்தான். பிறந்த வீட்டில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று ஒரே வரி.

"இத வாசிச்சிட்டு, இடது சுண்டுவிரலால தொடுக்கா."

பேராச்சி வாசித்தாள். ஒரு நொடி அவனைப் பார்த்தாள். சுண்டுவிரலைக் கொண்டு வந்தாள். இரண்டு விரற்கடை உயரத்தில் விரல் நின்றது. லேசாக ஆடியது. கொஞ்சம் பின்னால் போனது. அப்புறம் இறங்கியது.

சிவப்பு.

கொம்பையா பலகையைச் சட்டென்று தன் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"என்ன காட்டுது?"

"சார்ஜ் தீந்துட்டுக்கா. ஒண்ணும் தெரியல."

பேராச்சி அடுத்த இலையை எடுத்துக்கொண்டாள். "வெள்ளிக்கிழமை எத்தன மணிக்கு வரணும்?" என்று பேராச்சி கேட்டாள். பதினொரு மணிக்கு என்று சொல்லிவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் வண்டியை எடுத்தான்.

மறுநாள் காலை அவன் மனைவி ஆவுடை பிள்ளைகளுக்கு டப்பாவில் இட்லி வைத்துக்கொண்டிருந்தாள். கொம்பையா சமையலறைக்கும் முன்னறைக்கும் நடந்துகொண்டே இருந்தான். அந்த வீட்டில் நடக்க எட்டு அடிதான் உண்டு.

"கால்ல சக்கரமா கட்டியிருக்கு? ஒரு எடத்துல இருங்க. என்னன்னு சொல்லுங்க."

சொன்னான். முன்னூற்றுப் பதினேழையும் சொன்னான், சுண்டுவிரலையும் சொன்னான். ஆவுடை கெட்டவள் இல்லை. மதினி மேல் பாசமும் உண்டு. பொங்கலுக்கு அவளுக்குச் சேலை எடுப்பதே இவள்தான். கேட்டு முடித்ததும் டப்பாவை மூடாமல் அப்படியே நின்றாள்.

"இத நீங்க கம்பெனிக்கு எழுதுனா என்ன ஆவும்?"

"அத்தன பத்திரத்தையும் திரும்ப விசாரிப்பாங்க. பீடிக்காரங்க பத்திரம் எதையும் இனிமே எடுக்க மாட்டாங்க, கண்ணாடியச் சரி பண்ணுற வரைக்கும். ஒரு வருசம் ஆவும். ரெண்டு வருசமும் ஆவும்."

"நம்ம பத்திரமும் நிக்கும்."

"ஆமா."

அவள் சாமான் அடுக்கி வைத்த மூலையைப் பார்த்தாள். காலி செய்ய வேண்டும் என்று பாதி பாத்திரத்தை ஏற்கெனவே சாக்கில் கட்டியிருந்தாள். "சரி. எழுதுங்க. எழுத வேண்டாம்னு சொல்லல. வெள்ளிக்கிழமை முடியட்டும், சனிக்கிழமை எழுதுங்க. ஆறு வருசம் போயிருக்கு. மூணு நாள்ல என்ன குடி முழுகிறப் போவுது?"

நியாயமாகத்தான் இருந்தது. இந்த மாதிரிக் காரியங்கள் எப்போதும் நியாயமாகத்தான் இருக்கும். கொம்பையா ஒப்புக்கொண்டான். அன்றைக்கே அறிக்கையை எழுதியும் முடித்தான், அனுப்பவில்லை. அச்செடுத்து மடித்துப் பையில் வைத்தான். சனிக்கிழமை, சனிக்கிழமை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். வியாழக்கிழமை முழுக்க விரல்களையே பார்த்துக்கொண்டு திரிந்தான். டீக்கடையில் காசை நீட்டுகிற விரல், பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கிற விரல், எது மனசோடு வருகிறது, எது தானாக வருகிறது என்று ஒன்றும் பிடிபடவில்லை. எதைத் தின்றாலும் மண்ணாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பேராச்சி பத்தரைக்கே வந்துவிட்டாள். நல்ல சேலை, எண்ணெய் வைத்து வாரி முடிந்த தலை. தம்பி காரியத்துக்கு வருகிறாள் அல்லவா. ஆவுடை அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்து, வாங்கி மூடி, திரும்பத் திறந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். டோக்கன் எண்ணைக் கூப்பிட்டதும் மூன்று பேரும் எழுந்தார்கள்.

"கொம்பையா, இன்னைக்கு நீங்க பார்ட்டி. கண்ணாடியப் போட்டு நோண்டக் கூடாது" என்று அமலோற்பவம் சிரித்தார். பிறகு பத்திரத்தைப் படித்துக் காட்டினார். எல்லைகள், அளவு, பின்கட்டு அறை உட்பட என்று வந்தபோது கொம்பையா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தான்.

"பேராச்சி அம்மா, சம்மதம்னா கண்ணாடியில தொடுங்க. எந்த விரல்னாலும் சரி."

பேராச்சி மேசைக்கு முன்னால் நகர்ந்தாள். வலது கை எழும்பியது. கொம்பையா தன்னை அறியாமலே அவள் முழங்கையைப் பிடித்தான். பிடித்த பிறகுதான் என்ன செய்கிறோம் என்று தெரிந்தது. ஆவுடையின் முகம் வெளுத்தது.

"யக்கா. இடது சுண்டுவிரல வை."

பேராச்சி திரும்பிப் பார்த்தாள். அவள் கண்ணில் கோபம் இல்லை. சின்ன வயதில் அவன் திருடித் தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வரும்போது பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"ஏன், இன்னைக்கு சார்ஜ் இருக்கா?"

அவள் அவன் கையை மெல்ல எடுத்து விட்டாள். வலது ஆள்காட்டி விரல் நேராகப் போய் இறங்கியது. பச்சை. திரையில் 'முழு விருப்பம்' என்று வந்தது.

"எடுத்துக்கிட்டு. நெட் கொஞ்சம் மெதுவா இருக்கு, அடுத்த பக்கம் வரட்டும்" என்று அமலோற்பவம் வேறு கோப்பைப் புரட்டினார்.

பேராச்சி அவன் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "ஏல, உனக்கு மட்டுந்தான் தெரியும்னு நெனச்சிட்டிருக்கியா? எங்க விரல இது புடிக்காதுன்னு போன வருசமே எங்களுக்குத் தெரியும். பால் சொசைட்டில வேல பாக்காளே செம்பகம், அவ விரல் நின்னு போச்சு. அவ அண்ணனுக ரெண்டு பேரையும் ஸ்டேசனுக்குக் கூட்டிட்டுப் போனாக. அன்னையிலருந்து அவளுக்குப் பொறந்த வீட்டுல ஒரு வாய்த் தண்ணி கெடையாது. எங்களுக்கு அந்தப் பயம் இல்ல. கதீஜா எழுதிக் குடுத்தா, மாரியம்மா எழுதிக் குடுத்தா, ஒண்ணும் ஆவல. அந்தத் தைரியத்துலதான் வந்தேன். நான் வேற வேல பாத்திருந்தா இந்நேரம் உன்னயல்லா புடிச்சிருப்பாக?"

"யக்கா, அப்ப உனக்கு மனசில்ல."

"மனசு என்ன மனசு. வீடு போனா ஒரு ரூமு போவும். நீ போனா எனக்கு யாரு இருக்கா? பேசாம வாங்கிக்கோ."

திரையில் அடுத்த பக்கம் வந்தது. சொத்தைப் பெறுபவரும் தொட வேண்டும். சட்டம் எழுதினவர்கள் இரண்டு பக்கமும் ஒப்புக்குப் பொருந்தி வரட்டும் என்று போட்டு வைத்த சடங்கு அது. வாங்குகிற கை எந்த ஊரில் தயங்கியிருக்கிறது? ஆறு வருடத்தில் மாநிலம் முழுக்க அந்தப் பக்கத்தில் ஒரு சிவப்பு விழுந்ததில்லை.

"கொம்பையா, நீங்க தொட்டா முடிஞ்சுது."

கொம்பையா விரலை நீட்டினான். கண்ணாடியின் விளிம்பில் அகச்சிவப்பு ஒளி எங்கே தொடங்குகிறது, எந்த உயரத்தில் கேமரா விரலைப் பிடிக்கிறது என்பதெல்லாம் உலகத்தில் அவனைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் பத்துப் பேர் இருந்தால் அதிகம். எப்படி நிறுத்தினால் சிவப்பு விழும் என்பது மாதா மாதம் அவன் செய்து பார்க்கிற வேலை. இரண்டு விரற்கடையில் நிறுத்தி, மனதுக்குள் இரண்டு எண்ணி, ஒரு நூல் பின்னால் இழுக்க வேண்டும்.

இப்போது அவன் எண்ணவில்லை. விரல் இறங்கிக்கொண்டிருந்தது. அப்புறம் இறங்கவில்லை. தொடு என்று சொல்லித்தான் பார்த்தான். பிள்ளைகளை நினைத்தான், சாக்கில் கட்டிய பாத்திரத்தை நினைத்தான், ஆவுடை மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது முதுகில் தெரிந்தது. விரல் அங்கேயே நின்று ஆடியது. இவன் நிறுத்தினானா, அதுவாக நின்றதா என்று பிற்பாடு எத்தனையோ தடவை யோசித்தும் அவனுக்குத் தெரியவில்லை. கடைசியில் விரல் கண்ணாடியில் விழுந்தபோது அதற்குப் பலம் இல்லை.

சிவப்பு விழுந்தது. அலாரம் இரண்டு தடவை அடித்தது. வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"என்னய்யா இது?" அமலோற்பவம் எழுந்தே விட்டார். பதறாத பெண்மணி முதல் தடவையாகப் பதறினார். "வாங்குறவருக்குத் தயக்கமா? இப்படி ஒண்ணு வருமா? கண்ணாடி ரிப்பேரா?"

"கண்ணாடி ரிப்பேர்தான் மேடம். ஆனா இப்ப இல்ல." கொம்பையா பையைத் திறந்து மடித்த தாள்களை எடுத்து மேசையில் வைத்தான். "பீடி சுத்துறவங்க முன்னூத்திப் பதினேழு பேர். இந்தக் கண்ணாடி ஒருத்தர் மனசையும் பாக்கல. எங்க அக்காவோட சேத்து முன்னூத்திப் பதினெட்டு. திங்கக்கிழமையே உங்ககிட்ட சொல்லியிருக்கணும். சொல்லல. என்ன வேணாலும் எழுதிக்கோங்க."

ஆவுடை அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அவனைத் திட்டவும் இல்லை, அவன் முகத்தைப் பார்க்கவும் இல்லை. தண்ணீர் பாட்டிலின் மூடியை மட்டும் இறுக்கி இறுக்கித் திருகிக்கொண்டிருந்தாள். இனி எந்த வீட்டில் போய் அந்தச் சாக்கை அவிழ்ப்பாள் என்று கொம்பையாவுக்கும் தெரியவில்லை. ஆனாலும் ஐந்து நாளாக நெஞ்சில் ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று நின்றுவிட்டதுபோல இருந்தது.

அமலோற்பவம் அறிக்கையை நின்றபடியே வாசித்தார். இரண்டாம் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். அந்த முன்னூற்றுப் பதினேழு சீட்டில் பாதிக்கு மேல் அவர் கையெழுத்துதான். பிறகு உட்கார்ந்து, திரையைத் தன் பக்கம் திருப்பினார். சிவப்பு விழுந்தால் கேட்க வேண்டிய கேள்விகள் அதில் தானாக வரும். எந்தப் பக்கம் சிவப்பு விழுந்ததோ அதற்கு எதிர்ப் பக்கத்து ஆளிடம் கேட்டுப் பதில் வாங்காமல் அது வழி விடாது. இத்தனை வருடமும் அண்ணன் தம்பிகளிடம் கேட்டுப் பழகிய கேள்வி. அதை ஒரு அக்காவிடம் கேட்க வேண்டி வரும் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

"பேராச்சி அம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. விதி இது, நான் கேட்டுத்தான் ஆகணும்." தொண்டையைச் செருமிக்கொண்டு எழுத்துக் கூட்டுவதுபோல வாசித்தார். "சொத்து விஷயத்தில், எதிர்த்தரப்பினர் விருப்பத்துக்கு மாறாக, தாங்கள் அவரைக் கட்டாயப்படுத்தினீர்களா?"

பேராச்சி தம்பியைப் பார்த்தாள். சிரிப்பு வந்தது அவளுக்கு. அதை அடக்க முந்தானையை வாயில் வைத்தாள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஆமாம்மா" என்றாள். "நாந்தான் கட்டாயப்படுத்துனேன். எழுதிக்கோங்க."